பிரைம் கழித்தல் கால்: கனடாவில் மருத்துவ மாணவரின் லைன் ஒஃப் கிரெடிட்

கனடாவில் மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்த ஒரு பிள்ளைக்கு, அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் போதும், பெரிய வங்கிகள் மூன்று லட்சம் டொலருக்கும் மேலாகக் கடன் தர முன்வரும். பிள்ளைக்கு வயது 22, 23 இருக்கும். சம்பளம் இல்லை, வீடு இல்லை, பிணையாக வைக்க ஒன்றுமில்லை. அதே வங்கியில் இருபது வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் தகப்பன் கார் வாங்க 30,000 டொலர் கேட்டால் சம்பளத் துண்டு, வரிக் கணக்கு, வேலைக் கடிதம் எல்லாம் கொண்டு வா என்பார்கள். தகப்பனுக்குக் கொடுக்கும் வட்டி வீதத்தைவிட மகளுக்குக் கொடுக்கும் வீதம் குறைவாகவும் இருக்கும்.

இது எப்படி? இதை எப்படித் தெரிவு செய்வது, எப்படிப் பாவிப்பது? உறவுக்காரப் பிள்ளைகள் சிலருக்கு இந்த ஒப்பந்தங்களை உட்கார்ந்து வாசிக்க உதவியபோது எடுத்த குறிப்புகளை ஒழுங்காக்கி இங்கே தருகிறேன். கன பேர் கேட்கிற முதல் கேள்வி "எந்த பாங்க் நல்லது?" என்பது. என் குறிப்புகளைத் திரும்பப் பார்த்தால், விடை சொல்லவேண்டிய கேள்வி அது இல்லை என்றுதான் படுகிறது. வங்கிகளுக்கு இடையிலான வித்தியாசம் வருடத்துக்குச் சில நூறு டொலர். காசை எப்போது, எவ்வளவு, எதற்கு எடுக்கிறோம் என்பதில் இருக்கும் வித்தியாசம் பல்லாயிரம் டொலர்.

இது என்ன மாதிரிக் கடன்

சாதாரணக் கடனில் முழுத்தொகையும் ஒரேயடியாகக் கைக்கு வரும், அன்றிலிருந்தே முழுத்தொகைக்கும் வட்டி ஓடும். லைன் ஒஃப் கிரெடிட் அப்படி இல்லை. வங்கி ஓர் எல்லையைப் போடும். அந்த எல்லைக்குள் தேவையான அளவு எடுக்கலாம், கையில் காசு வரும்போது திருப்பிப் போடலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. எல்லை மூன்றரை லட்சமாக இருந்தும் நீங்கள் எடுத்தது 10,000 என்றால், வட்டி 10,000க்குத்தான். வட்டியை நாளுக்கு நாள் கணக்கிட்டு மாதம் ஒருமுறை பற்று வைப்பார்கள்.

ஆர்.பி.சி., ரீ.டி., ஸ்கொஷியா பாங்க், பி.எம்.ஓ., சி.ஐ.பி.சி., நஷனல் பாங்க் என்று எல்லாரும் மருத்துவ மாணவருக்கென்று இப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பொதுவான உருவம் ஒன்றுதான். படிக்கும் காலத்திலும் பிறகு ரெசிடென்சி காலத்திலும் முதலைத் தொடவேண்டாம், வட்டி மட்டும் கட்டினால் போதும். ரெசிடென்சி முடிந்தபின்னும் ஒன்று அல்லது இரண்டு வருடம் அவகாசம் தருவது வழக்கம். அதன்பிறகுதான் முதலையும் சேர்த்துக் கட்டும் கடனாக அது மாறும். குடும்ப வைத்தியருக்கு நான்கு வருடப் படிப்பு, இரண்டு வருட ரெசிடென்சி. சத்திர சிகிச்சை, உள்மருத்துவத்தின் சிறப்புத் துறைகள் போன்றவற்றுக்கு ரெசிடென்சி ஐந்து வருடமோ அதற்கு மேலோ போகும். அதாவது முதலைக் கட்டத் தொடங்குமுன் பத்து வருடம் கடந்துவிடலாம்.

வங்கிக்கு இதில் என்ன லாபம்

இந்தக் கடனின் வட்டியில் வங்கி பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. அவர்கள் பிடிக்கப் பார்ப்பது ஆளை. இன்றைக்கு இந்தக் கணக்கைத் திறக்கும் பிள்ளை பத்து வருடத்தில் வீட்டுக்கடன் எடுப்பார், கிளினிக் திறக்கக் கடன் எடுப்பார், முதலீட்டுக் கணக்கு வைப்பார், காப்புறுதி வாங்குவார். கனடிய மருத்துவ சங்கத்திடமிருந்த எம்.டி. ஃபினான்ஷல் மனேஜ்மென்ட் என்ற நிறுவனத்தை 2018இல் ஸ்கொஷியா பாங்க் 258.5 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. அந்த நிறுவனத்தின் தொழிலே வைத்தியர்களின் காசைப் பார்த்துக்கொள்வதுதான். வைத்தியர் என்ற வாடிக்கையாளருக்கு வங்கிகள் வைத்திருக்கும் விலை என்னவென்று அந்த ஒரு வியாபாரமே காட்டிவிடும்.

இது தெரிந்திருந்தால் இரண்டு விஷயம் லேசாகும். ஒன்று, வங்கி உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை, தாராளமாகப் பேரம் பேசலாம். மற்ற வங்கி தருகிறேன் என்றதை எழுத்தில் காட்டினால் பல நேரம் இவர்களும் இறங்கி வருவார்கள். இரண்டு, வருடக் கட்டணம் இல்லாத உயர்தரக் கடன் அட்டை, இலவசக் கணக்கு, வரவேற்புப் பரிசு எல்லாம் அந்த ஆளைப் பிடிக்கும் செலவில் ஒரு பகுதி. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்துத் தெரிவு செய்யக்கூடாது.

பிரைம் என்கிற அந்தச் சொல்

வங்கி முகவர் சொல்வார்: "பிரைம் மைனஸ் பொயின்ட் ரூ ஃபைவ்." அதாவது பிரைம் வீதத்தில் கால் வீதம் குறைவு. மருத்துவ மாணவருக்கு இதுதான் பரவலாகக் கிடைக்கும் வீதம். கேட்கும்போது எங்கள் கவனம் அந்தக் கால் வீதக் கழிவில் போய் நிற்கும். உண்மையில் பார்க்கவேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் சொல்லை.

பிரைம் என்பது வங்கிகள் தாங்களே அறிவிக்கும் அடிப்படை வீதம். கனடிய மத்திய வங்கி தன் கொள்கை வீதத்தை மாற்றும்போது இதுவும் மாறும். இப்போதைக்கு கொள்கை வீதத்துடன் 2.20ஐக் கூட்டினால் பிரைம் வரும். இந்த 2.20 சட்டமில்லை. 2015 ஜனவரியிலும் ஜூலையிலும் மத்திய வங்கி இரண்டு தடவை தலா 0.25 குறைத்தது. வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 0.15 மட்டும்தான் குறைத்தன. அதுவரை 2.00ஆக இருந்த இடைவெளி அப்படித்தான் 2.20 ஆனது.

இனி அண்மைக் கதையைப் பாருங்கள். 2020 மார்ச் இறுதியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை பிரைம் 2.45. அப்போது லைன் எடுத்த பிள்ளைக்கு வீதம் 2.20. கொள்கை வீதம் 2022 மார்ச் 2இல் ஏறத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.00இல் போய் நின்றது. பிரைம் 7.20. அதே பிள்ளைக்கு, அதே ஒப்பந்தத்தில், வீதம் 6.95 ஆனது. ஒரு கையெழுத்தும் புதிதாகப் போடவில்லை, ஒரு விதியையும் மீறவில்லை. 2024 ஜூனிலிருந்து வீதம் இறங்கி, 2025 அக்டோபர் இறுதியில் பிரைம் 4.45க்கு வந்தது.

200,000 டொலர் கடன் நிலுவையில் இருக்கிறது என்று வையுங்கள். 2.20இல் வருட வட்டி 4,400. 6.95இல் 13,900. மாதக்கணக்கில் 367 டொலர் 1,158 ஆகிறது. இந்த ஏற்றம் நடக்க எடுத்தது ஒன்றரை வருடம்கூட இல்லை.

இப்போது வங்கிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு வங்கி பிரைம் என்கிறது, இன்னொன்று பிரைம் கழித்தல் கால் என்கிறது. அதே 200,000க்கு வருட வித்தியாசம் 500 டொலர். வேண்டாமென்று விடக்கூடிய காசு இல்லைதான். ஆனால் பிரைமின் ஆட்டத்துக்கு முன்னால் அது சின்னது. பிரைமை நீங்களும் கட்டுப்படுத்த முடியாது, முகவரும் கட்டுப்படுத்த முடியாது. உங்கள் கையில் இருப்பது நிலுவைத் தொகை மட்டும்.

ஒரு கணக்கு

ஒரு மாணவி நான்கு வருடமும் மாதம் 3,750 டொலர் வீதம் லைனிலிருந்து எடுக்கிறார் என்று வைப்போம். வருடத்துக்கு 45,000. மொத்தம் 180,000. ரியூஷன், வாடகை, சாப்பாடு எல்லாம் இதற்குள். வட்டியையும் லைனிலிருந்தே கழிக்க விடுகிறார், கையிலிருந்து ஒன்றும் கட்டவில்லை. நான்கு வருட முடிவில்:

- வீதம் 2.20ஆக இருந்தால் நிலுவை ஏறக்குறைய 188,000
- வீதம் 4.20ஆக இருந்தால் ஏறக்குறைய 195,600
- வீதம் 6.95ஆக இருந்தால் ஏறக்குறைய 206,800

பட்டம் வாங்கும் நாளில் வட்டி மட்டும் 8,000இலிருந்து 26,800 வரை மாறுகிறது. பிறகு ரெசிடென்சி தொடங்கும். அந்த நிலுவைக்கு மாத வட்டி, முதல் கணக்கில் 345 டொலர், இரண்டாவதில் 685, மூன்றாவதில் 1,198. ஒன்ராறியோவில் முதல் வருட ரெசிடென்டின் சம்பளம் வரிக்கு முன் 60,000 டொலருக்கு மேல் இருக்கும். ரொறொன்ரோ வாடகையையும் கொடுத்து, மாதம் 1,198 வட்டியையும் கட்டினால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். முதலில் ஒரு சதம்கூட அதில் குறைவதில்லை.

இன்னொரு கணக்கு. தேவைக்கு மேலே மாதம் 1,000 டொலர் கூட எடுக்கிறோம். நல்ல அபார்ட்மென்ட், கார் லீஸ், வருடம் ஒரு பயணம் என்று 1,000 லேசாகப் போய்விடும். நான்கு வருடத்தில் 48,000. 4.20 வீதத்தில் பட்டம் வாங்கும்போது அது 52,200. ஐந்து வருட ரெசிடென்சியிலும் வட்டியைக் கட்டாமல் லைனிலேயே ஏற்றிக்கொண்டு போனால் 64,300. இந்த 64,300ஐ எந்த வங்கியின் சலுகையும் ஈடுகட்டாது.

இதற்காகப் பிள்ளை பட்டினி கிடந்து படிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரிச் சுற்று தொடங்கினால் விடிய ஐந்து மணிக்குப் போய் நிற்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுப்பது செலவு இல்லை, தேவை. நித்திரைக்கும் ஒழுங்கான சாப்பாட்டுக்கும் கடன் எடுக்கலாம். ஒவ்வொரு ஆயிரமும் ஒன்பது வருடம் கழித்து எவ்வளவாகும் என்று தெரிந்து எடுக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் அரச கடன், பிறகுதான் லைன்

"லைன் கிடைத்திட்டுது, இனி ஓசாப் எதுக்கு?" என்று விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தலைகீழ். முதலில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசு, அதாவது மானியமும் பல்கலைக்கழக உதவித்தொகையும். அடுத்தது அரச மாணவர் கடன். கடைசியில்தான் வங்கி. பல மருத்துவ பீடங்களில் தேவை அடிப்படையிலான உதவித்தொகைக்கு, அரச கடனுக்கு விண்ணப்பித்திருப்பதும் ஒரு நிபந்தனை. பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் குறைவாகத்தான் தருவார்கள் என்றாலும் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

அரச கடனை மேலே வைப்பதற்குக் காரணங்கள் இவை.

படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி இல்லை. 2023 ஏப்ரல் 1இலிருந்து மத்திய அரசின் பங்குக்குப் படிப்பு முடிந்த பிறகும் வட்டி இல்லை. மாகாணப் பங்கு மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். பிரிட்டிஷ் கொலம்பியா 2019இலேயே வட்டியை நீக்கிவிட்டது. ஒன்ராறியோவில் படிப்பு முடிந்தபின் வட்டி உண்டு.

அரச கடனுக்குக் கட்டும் வட்டிக்கு வருமான வரியில் சலுகை உண்டு. வங்கி லைனுக்குக் கட்டும் வட்டிக்கு அது கிடையாது, அந்தக் காசு முழுக்கப் படிப்புக்கே போயிருந்தாலும் கிடையாது.

குடும்ப வைத்தியராகி, தகுதியுள்ள கிராமப்புறத்திலோ ஒதுக்குப்புற ஊரிலோ வேலை செய்தால், மத்திய அரசின் மாணவர் கடனில் ஐந்து வருடத்தில் 60,000 டொலர் வரை தள்ளுபடி செய்வார்கள். வங்கிக் கடனுக்கு இது இல்லை.

வருமானம் குறைந்தாலோ நிரந்தரமாக ஏலாமல் போனாலோ அரச கடனுக்கு உதவித் திட்டங்கள் இருக்கின்றன. கடன்பட்டவர் இறந்துவிட்டால் மத்திய அரசின் கடன் தள்ளுபடியாகும். வங்கிக் கடன் அப்படிப் போகாது. இறந்தவரின் சொத்திலிருந்தோ, கூடக் கையெழுத்து வைத்தவரிடமிருந்தோ வங்கி அதை அறவிடலாம்.

இதனால்தான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: லைனில் இடம் இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து எடுத்து அரச கடனை அடைக்காதீர்கள். "எல்லாக் கடனும் ஒரே இடத்தில இருந்தால் லேசு" என்று வங்கியிலேயே சொல்லக்கூடும். லேசுதான். ஆனால் வட்டியில்லாத கடனை வட்டிக் கடனாக மாற்றி, மேலே சொன்ன பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறீர்கள். மாற்றியதைத் திரும்ப மாற்றவும் முடியாது.

வங்கியிடம் கேட்க வேண்டியவை

அனுமதி கிடைத்ததும் இரண்டு மூன்று வங்கிகளிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை வாயால் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

1. வீதம் பிரைமுடன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? அந்தக் கழிவு ரெசிடென்சி முடியும்வரை இருக்குமா? அவகாசக் காலத்திலும் இருக்குமா? முதலைக் கட்டும் காலத்தில் வீதம் என்ன?

2. முழு எல்லையும் முதல் நாளே திறந்திருக்குமா, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்களா? தன் கையை நம்பாதவருக்கு இரண்டாவதுதான் நல்லது. வருடா வருடம் என்றால், அதற்கு என்ன கடிதம் தேவை என்றும் கேளுங்கள்.

3. மாத வட்டி எங்கிருந்து கழியும்? லைனிலிருந்தே கழிந்தால் வட்டிக்கு வட்டி ஏறும். அதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லையை நெருங்கிவிட்டால் வட்டி கழிய இடம் இருக்காது. அந்த மாதம் தவணை தவறியதாகப் பதிவாகும், கிரெடிட் மதிப்பெண் விழும்.

4. ரெசிடென்சி முடிந்தபின் அவகாசம் எத்தனை மாதம்? ஃபெலோஷிப் போனால் அதுவும் படிப்புக் காலமாகக் கணக்கில் வருமா? பிறகு எத்தனை வருடத்தில் கட்டி முடிக்கவேண்டும்?

5. மகப்பேற்று விடுப்பு, நோய், ஒரு வருடம் இடைநிறுத்தம், ரெசிடென்சி இடம் கிடைக்காமல் போவது: இவற்றில் எது நடந்தாலும் ஒப்பந்தத்தின் எந்த விதி வேலைசெய்யும்?

6. கூடக் கையெழுத்து தேவையா? கனடிய மருத்துவ பீடத்தில் படிக்கும், கிரெடிட் பதிவு சுத்தமாக உள்ள மாணவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தேவையில்லாத இடத்தில் அம்மா அப்பாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னால் மறுத்துவிடலாம். அயர்லாந்து, கரீபியன் தீவுகள் என்று வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. எல்லை குறைவாக இருக்கும், கையெழுத்தும் கேட்பார்கள்.

7. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பல லைன்களில் இருக்கும். ஒழுங்காக இருக்கும் மாணவரிடம் வங்கி அதை எடுத்து நீட்டுவது வழக்கமில்லை. ஆனால் காகிதத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று: கையெழுத்து வைக்கும் மேசையில் நிலுவைக் காப்புறுதி என்று ஒரு பெட்டியில் அடையாளம் போடச் சொல்வார்கள். அது கட்டாயம் இல்லை. காப்புறுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் மருத்துவ மாணவருக்கு மிகவும் தேவைப்படுவது, வேலை செய்ய ஏலாமல் போனால் வருமானம் தரும் தனிநபர் காப்புறுதி. வங்கியின் காப்புறுதி கடனை மட்டும் பார்க்கும். மாகாண மருத்துவ சங்கங்கள் மாணவருக்குத் தரும் திட்டங்களை முதலில் பாருங்கள், வங்கியின் பெட்டியைப் பிறகு யோசியுங்கள்.

எடுக்கிற முறை

நான் பார்த்தவரையில் நன்றாகச் சமாளித்த பிள்ளைகள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் செய்தார்கள்.

லைனையும் அன்றாடக் கணக்கையும் பிரித்து வைத்தார்கள். மாதம் முதலாம் திகதி ஒரு குறித்த தொகையை லைனிலிருந்து செக்கிங் கணக்குக்கு மாற்றுவது. சம்பளம் வந்ததுபோல் அதற்குள் மாதத்தை ஓட்டுவது. லைனோடு இணைந்த அட்டையைக் கையில் கொண்டு திரிவதில்லை. ரியூஷன் மட்டும் நேரே லைனிலிருந்து போகும்.

தேவைக்கு முன் எடுக்கவில்லை. ஜனவரித் தவணைக் கட்டணத்தைச் செப்டெம்பரிலேயே எடுத்து, வட்டியில்லாத செக்கிங் கணக்கில் போட்டு வைத்தால் நாலு மாத வட்டி வீண். 12,000 டொலரை நாலு மாதம் அப்படி வைத்திருந்தால் 4.20 வீதத்தில் 168 டொலர் போச்சு.

கோடைக்கால வேலைக் காசு, உதவித்தொகை, பிறந்தநாள் காசு எது வந்தாலும் லைனில் போட்டார்கள். லைனின் வசதியே அதுதான், போட்டதைத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். சேமிப்புக் கணக்கில் வைப்பதைவிட லைனில் வைப்பது லாபம்.

கடைசி வருடத்துக்கு எல்லையில் இடம் விட்டு வைத்தார்கள். அந்த வருடம் வேறு ஊர் ஆஸ்பத்திரிகளில் எலெக்டிவ், ரெசிடென்சி விண்ணப்பக் கட்டணம், மருத்துவக் கவுன்சில் பரீட்சை, புது ஊருக்கு வீடு மாறும் செலவு எல்லாம் சேர்ந்து வரும்.

முதலீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் வீதம் 2.20ஆக இருந்தபோது "லைனில எடுத்து ஸ்டொக்கில போட்டால் சும்மா லாபம்" என்ற பேச்சு நிறைய இருந்தது. அந்த லாபக் கணக்கு கடனின் விலை அப்படியே நிற்கும் என்று நம்பிப் போட்டது. மேலே பார்த்தோமே, அது 6.95க்குப் போனது. வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுவதற்காக எடுத்த கடனின் வட்டியை வரியில் கழிக்கவும் முடியாது. வருமானமே இல்லாத நாலு வருடத்தில், கடன் எடுத்துச் சந்தையில் போடுவதற்கு முகாந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு

இந்தப் பகுதி ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் இருக்கும் எங்கட குடும்பங்களுக்கு. எங்கட ஆக்களுக்குக் காசு குடும்பத்துக்குப் பொது. சீட்டுப் பிடித்து, ஒருவர் கையெழுத்தில் இன்னொருவர் வீடு வாங்கி, தம்பியை அக்கா எடுப்பித்து வளர்ந்த சமூகம் இது. அதில் எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே, பிள்ளையின் பெயரில் மூன்றரை லட்சம் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டு மோர்ட்கேஜ், தங்கச்சியின் கலியாணம், மாமாவின் கடை என்று கண் அந்தப் பக்கம் போவது இயல்பு. பிள்ளையும் இல்லையென்று சொல்லாது. இவ்வளவு காலமும் வளர்த்தவர்கள் அல்லவா.

ஆனால் அந்தக் காசு பிள்ளையின் உழைப்பு இல்லை, இன்னும் உழைக்காத உழைப்பின் மீது வாங்கிய கடன். மாமா 40,000 எடுத்து இரண்டு வருடத்தில் தருகிறேன் என்று சொல்லித் தராவிட்டால், வட்டி கட்டவேண்டியது பிள்ளை. கிரெடிட் பதிவில் நிற்பதும் பிள்ளையின் பெயர். படிப்புக்கென்று தந்த கடனை வேறு தேவைக்குத் திருப்புவது ஒப்பந்தத்தோடும் முட்டலாம். கடைசி வருடத்தில் எல்லை முட்டினால் பிள்ளைக்குத் தேவையானபோது காசு இருக்காது.

பெற்றோர் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, முடிந்தால் பிள்ளையை வீட்டிலிருந்து படிக்க விடுவது. அது முடியாவிட்டால் மாத வட்டியை மட்டும் தாங்கள் கட்டுவது. 4.20 வீதத்தில் முதல் வருடத்தில் அது சராசரியாக மாதம் நூறு டொலர்கூட வராது, நாலாம் வருடத்திலும் 600 டொலர் அளவில்தான். அதைக் கட்டினாலே வட்டிக்கு வட்டி ஏறுவது நின்றுவிடும்.

கட்டி முடிக்கும் காலம்

ரெசிடென்சியில் முதல் சம்பளம் வந்ததும் வட்டியைக் கையிலிருந்து கட்டத் தொடங்குங்கள். நாலு வருட ரியூஷனுக்கான வரிச் சலுகையைப் பாவிக்காமல் சேர்த்து வைத்திருப்பீர்கள். ரெசிடென்சியின் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அது கணிசமான வரிக்காசைத் திருப்பித் தரும். அந்தக் காசுக்கு முன்கூட்டியே ஒரே ஒரு இடம் வையுங்கள்: லைன். ரியூஷன் சலுகையில் வருடத்துக்கு 5,000 டொலர் வரையிலான தொகையைப் பெற்றோருக்கு மாற்றலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெற்றோர் வட்டியைக் கட்டுகிறார்கள் என்றால் அது நியாயமான கைமாற்று.

முழுச் சம்பளம் வரத் தொடங்கியபின் இரண்டு வருடம் ரெசிடென்ட் மாதிரியே வாழ்ந்தால் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று மூத்த வைத்தியர்கள் சொல்வதுண்டு. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இந்தக் கடன் ஒருவரை மூழ்கடிக்கும் கடன் இல்லை. படிப்பு முடிந்து, ஆள் சுகமாக இருந்து, வேலை செய்தால் கட்டிவிடலாம். அந்த மூன்றில் ஒன்று பிசகினால்தான் தொகையின் பாரம் தெரியும். நோயால் ஒரு வருடம் நின்றவருக்கு, ரெசிடென்சி இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பவருக்கு, இந்தத் தொழில் வேண்டாம் என்று மூன்றாம் வருடத்தில் தீர்மானித்தவருக்கு, நிலுவை 90,000ஆ 150,000ஆ என்பது வெறும் இலக்கம் இல்லை. விட்டு வெளியே வரலாமா என்ற முடிவையே அதுதான் எடுக்கும். கடனுக்குப் பயந்து பிடிக்காத தொழிலில் நிற்கிறவரும், கூடச் சம்பளம் வரும் துறை என்பதற்காக விரும்பிய குடும்ப மருத்துவத்தை விடுகிறவரும் உண்டு.

ஆகவே இந்த மே மாதம் அனுமதிக் கடிதம் வந்திருந்தால், வங்கிக்குப் போக முன் ஒரு தாளை எடுங்கள். நாலு வருடத்துக்கும் வருடா வருடம் என்ன தேவை, அதில் மானியம் எவ்வளவு, அரச கடன் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு என்று எழுதிக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் நீங்கள் எடுக்கவேண்டிய கடன். வங்கி போடும் எல்லை வேறு இலக்கம். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.